கன்னிகா சொன்ன மருந்து

காலை எட்டு மணிக்குள் கன்னிகா இருநூற்றுப் பன்னிரண்டு முகங்களைப் பார்த்து முடித்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார்கூட அவ்வளவு கறாராகப் பார்க்க மாட்டார்கள். ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் கேமராவுக்கு லென்ஸ் பொருத்துகிற ஒரு கம்பெனியில் அவளுக்கு அதுதான் உத்தியோகம். லென்ஸ் பொருத்துகிற அறைக்குள் தூசி நுழையக் கூடாது. ஒரு முடி, ஒரு சிட்டிகை பவுடர், கன்னத்திலிருந்து உதிர்கிற ஒரு பொருக்கு, எது உள்ளே மாட்டினாலும் அந்த போனில் எடுக்கிற படத்திலெல்லாம் புள்ளி விழும். அதனால் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொள்ளப் போகிற பெண்களை வாசலில் நிறுத்தி, கையிலிருக்கும் விளக்கை நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் லைட்டக்கா.

பவுடர் கூடாது, மை கூடாது, விபூதி குங்குமம் கூடாது, ஸ்டிக்கர் பொட்டும் கூடாது. வீட்டில் வைத்துக்கொண்டு வந்த பொட்டை எடுத்து லாக்கர் கதவில் ஒட்டிவிட்டு வருவார்கள். சாயங்காலம் அதையே எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். நாள் முழுக்க அந்த லாக்கர்களைப் பார்த்தால் வரிசையாகச் சுமங்கலிகள் நிற்கிற மாதிரி இருக்கும்.

"இன்னா இது? மூக்கோரம் பவுடர் வச்சிக்கினு வந்துகிற?"

"பவுடர் இல்லக்கா, வேர்வ."

"வேர்வ வெள்ளையாவா வருது? போ, கழுவிக்கினு வா."

தோல் உரிந்திருந்தால் கழுவியும் பிரயோசனமில்லை. அன்றைக்கு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். நோட்டில் பெயர், தேதி, காரணம் எழுத வேண்டும். பழைய ஆட்களுக்கு ரிட்டர்ன் ஒரு நாள் சம்பளத்தோடு போய்விடும். பயிற்சியில் இருப்பவர்களுக்கு அப்படியில்லை. முதல் தொண்ணூறு நாளில் மூன்று ரிட்டர்ன் விழுந்தால் காண்டிராக்டர் பெயரை அடித்துவிடுவான். கன்னிகாவிடம் கண்ணீரும் எடுபடாது, 'இன்னிக்கு மட்டும் வுடுக்கா'வும் எடுபடாது. ஆறு வருஷமாக அந்தக் கதவில் நிற்கிறாள். அவள் ஷிப்டில் தூசிப் புகார் வந்ததே இல்லை என்று மேலதிகாரிகள் கூட்டத்தில் சொல்வார்கள். அவளுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது.

பிறத்தியார் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிற இவள், ஒரு காலத்தில் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக் கூசியவள். நகரியில் பிறந்தாள். அப்பா சண்முகம் நான்கு பவர்லூம் ஓட்டுகிறவர். பதினேழு வயதில் அவளுக்குப் பரு கிளம்பியது. ஒன்று இரண்டு என்றால் எல்லோருக்கும் வருவதுதான். இவளுக்கு நெற்றி, கன்னம், தாடை என்று இடம் விடாமல் கிளம்பியது. ஊர் சும்மா இருக்குமா? வேர்க்கடலை துன்னாதே என்றார்கள். கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார்கள். கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர்கள், பரு போகட்டும் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மஞ்சள், சந்தனம், வேப்பிலை, எலுமிச்சம்பழம், கடைசியில் பல் தேய்க்கிற பேஸ்ட் வரைக்கும் அப்பிப் பார்த்தாள். சித்தூரிலிருந்து சொந்தக்காரப் பெண் ஒருத்தி ஏதோ வெளுக்கிற கிரீம் கொடுத்தாள். பத்து நாள் முகம் பளிங்கு மாதிரி இருந்தது. நிறுத்திய வாரமே இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. அண்ணன் ஹேமநாத்தின் கல்யாண ஆல்பத்தில் கன்னிகாவைத் தேடினால் கிடைக்க மாட்டாள். போட்டோக்காரன் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் இவள் பந்திக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவாள்.

இருபத்து நாலு வயதில், திருப்பதிக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போனவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில், துணிந்து, முகத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவை இறக்கிக் காட்டினாள். கடைக்காரர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு ஜெல்லை எடுத்துப் போட்டார். பென்சாயில் பெராக்சைடு, ஐந்து சதவீதம். காலையும் ராத்திரியும் என்றார் தெலுங்கில். அவ்வளவுதான். முதல் வாரம் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். பத்தாவது வாரம் முகம் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அழுதேவிட்டாள்.

கன்னிகாவுக்கு எண்ணெய் வடிகிற முகம். காலையில் துடைத்தால் பத்து மணிக்கு அப்பளம் பொரிக்கலாம் என்று ஹேமநாத் கிண்டல் செய்வான். அந்த எண்ணெய்ப் பசைதான் மருந்தின் காரத்தைத் தாங்கியது. தன் பொறுமைதான் தாங்கியது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த ஜெல் அவளுக்குக் குலதெய்வம். கல்யாணம் ஆகி எட்டு வருஷம் ஆன பிறகும் ஒரு டியூப் வீட்டில் இல்லாமல் இருக்காது. அந்த மருந்து சாயத்தை வெளுக்கிற ஜாதி. புருஷன் கமலக்கண்ணனின் தலையணை, துண்டு, நல்ல லுங்கி எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "மருந்தா இது, பிளீச்சிங் பவுடரா? எங்கூட்டு லுங்கியெல்லாம் குஷ்டம் புடிச்ச மாதிரி கீது" என்பான். அவள் காதில் வாங்க மாட்டாள். கம்பெனியில் முகமூடி போட்டு எட்டு மணி நேரம் வேலை செய்கிற பெண்களுக்குப் பரு வருவது சகஜம். யாருக்கு வந்தாலும் கன்னிகா ஒரே மருந்துதான் சொல்வாள். ஆறு வருஷத்தில் நாற்பத்து மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆமாம், எண்ணி வைத்திருந்தாள். பலருக்குச் சரியாகி, லட்டு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். சிலர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பேச்செடுக்காதவர்களையும் சரியானவர்களோடு சேர்த்துக்கொண்டாள்.

நாற்பத்து மூன்றாவது ஆள் ஹரிதா.

நாராயணவனத்துப் பெண், இருபத்தொரு வயது. அதற்கு முன் சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் இருந்தவள். அங்கே சீசன் இருக்கிற வரைக்கும்தான் வேலை. 'மூணு மாசம் மாம்பழம், ஒம்போது மாசம் வூட்ல' என்பாள். வருஷம் முழுக்கச் சம்பளம் வருகிற வேலை அவள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தொண்ணூறு நாள் தாண்டிவிட்டால் அது கிடைத்துவிடும். வரதய்யபாளையத்தில் ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து போனாள். லென்ஸ் வைக்கிறதில் கை அப்படியொரு நிதானம். சேர்ந்த மாதமே பழைய ஆட்களை முந்திவிட்டாள் என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்பதாவது நாள் வாக்கில் முகமூடி அழுத்துகிற கோட்டில், கன்னத்திலும் தாடையிலும், அவளுக்குப் பரு கிளம்பியது. ஒரு சாயங்காலம் லாக்கர் பக்கம் வந்து தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, நீங்க ஏதோ மருந்து சொல்லுவீங்களாமே."

கன்னிகாவுக்குக் கேட்கவா வேண்டும்! பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். "அஞ்சுன்னு போட்டிருக்கணும், பாத்து வாங்கு. ரெண்டரை குடுப்பான், வாங்காத, அது கொழந்தைக்குப் போடறது. காலைல ஒரு வாட்டி, ராத்திரி ஒரு வாட்டி, மூஞ்சி பூரா. எரியும். எரிஞ்சா வேல செய்யுதுன்னு அர்த்தம். வுட்றாத."

ரெண்டரை குழந்தைக்கு என்று யார் சொன்னார்கள் அவளுக்கு? யாரும் சொல்லவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து கதவில் ஹரிதாவின் முகத்தில் விளக்கடிக்கும்போதெல்லாம், "போட்டியா?" என்று கேட்பாள். "போட்டேன்க்கா" என்று அவள் தலையாட்டுவாள். பாசத்தில் கேட்டதுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் கேட்டது கையில் விளக்கோடும் பக்கத்தில் ரிட்டர்ன் நோட்டோடும் நின்றுகொண்டு.

ஐம்பத்திரண்டாவது நாள் ஹரிதாவின் வாயோரம் தோல் வெள்ளையாகக் கிளம்பியிருந்தது. கன்னிகா ரிட்டர்ன் எழுதினாள். "உரியறது நல்லதுதாம்மா. பழைய தோலு போனாதான் புதுசு வரும். வூட்ல இருந்து நல்லா போடு" என்று சொல்லியும் அனுப்பினாள். அறுபதாவது நாள் கன்னமே உரிந்திருந்தது. இரண்டாவது ரிட்டர்ன். காரணம் என்ற கட்டத்தில் எல்லோருக்கும் எழுதுகிற மாதிரியே 'முகம்' என்று எழுதினாள். ஆறு வருஷமாக அந்தக் கட்டத்தில் அவள் எழுதியது அந்த ஒரு வார்த்தைதான்.

அதற்குப் பிறகு அதிசயம் மாதிரி ஹரிதாவின் முகம் வழவழப்பானது. பரு மட்டும் குறையவில்லை, கூடத்தான் செய்தது. உரிதல் போயே போய்விட்டது. விளக்கடித்தால் கன்னம் மினுமினுத்தது. "பாத்தியா, நா சொல்லல?" என்றாள் கன்னிகா. ஹரிதா சிரித்தாள். சிரிக்கும்போது அவள் முகம் கொஞ்சம் சுளித்ததை வரிசையில் பின்னால் நின்றவர்கள் பார்த்திருக்கலாம். கன்னிகா அதற்குள் அடுத்த முகத்துக்குப் போயிருந்தாள்.

கன்னிகா வழக்கமாக அரை மணி முன்னால் வருகிற வண்டியில் வந்துவிடுவாள். அன்றைக்கு, ஹரிதாவின் எண்பத்தொன்றாவது நாள், அந்த வண்டி நாகலாபுரத்தில் மக்கர் பண்ணிவிட்டது. பின்னால் வந்த ஷிப்ட் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டு மூலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். வரதய்யபாளையத்தில் ஹாஸ்டல் பெண்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். அவளுக்கு முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். முக்காட்டுக்குள் இருப்பது யாரென்று அவர்கள் பார்க்கவில்லை.

"இன்னிக்கு ரொம்ப உரிஞ்சிருக்குதுடி. எண்ணெ எடுத்தாந்தியா?"

குரல் ஹரிதாவுடையது. கன்னிகா முக்காட்டின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். சின்ன பாட்டில், தேங்காய் எண்ணெய். ஹரிதா உள்ளங்கையில் ஊற்றிக் கன்னத்தில் ஒற்றி ஒற்றித் தடவினாள். கிளம்பி நின்ற பொருக்கெல்லாம் படிந்து முகம் மினுமினுவென்று ஆனது. பாட்டில் அடுத்த சீட்டுக்குப் போனது. அங்கிருந்து இன்னொரு சீட்டுக்கும் போனது.

"லைட்டக்காவுக்கு எண்ணெ தெரியாதுடி. பளபளன்னு இருந்தா போதும், உள்ள வுட்ரும்" என்றாள் ஹரிதாவின் பக்கத்தில் இருந்தவள்.

"ஆனா இத தடவிக்கினு மாஸ்க் போட்டா இன்னும் ஜாஸ்தியா பரு வருது" என்றாள் ஹரிதா.

"அப்ப அந்த மருந்த நிறுத்தித் தொலையேன்."

"எப்டி நிறுத்தறது? தெனம் போட்டியா போட்டியான்னு கேக்குது. போடலன்னு தெரிஞ்சா அக்காவுக்குக் கோவம் வரும். எனக்கு இன்னும் ஒரே ஒரு ரிட்டர்ன்தான்டி பாக்கி. ஒம்போது நாள் ஓட்டிட்டா போதும். அப்புறம் அந்த டியூப்ப குப்பைல போட்டுட்டு நிம்மதியா தூங்குவேன்."

 கன்னிகாவுக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். ஆறு வருஷமாகத் தன் கண்ணில் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்களே என்ற கோபம். தூசிப் புகார் வராத ஷிப்டாம்! பஸ் கம்பெனி கேட்டுக்குள் திரும்புவதற்குள் அந்தக் கோபம் வடிந்துபோய் அவமானம் வந்தது. இந்தப் பெண் தன் முகத்தைத் தானே எரித்துக்கொண்டிருக்கிறாள். பருவுக்காகக்கூட இல்லை, கன்னிகாவுக்குப் பயந்து. மருந்து சொன்னதும் இவள். அதனால் உரிந்தால் வெளியே அனுப்புகிறதும் இவள். எண்ணெயைப் பளபளப்பு என்று நம்பி உள்ளே விட்டதும் இவளேதான்.

எல்லோரும் இறங்கிய பிறகு இறங்கினாள். கதவில் போய் நின்றாள். 

ஹரிதாவின் முறை வந்தது. "போட்டேன்க்கா" என்றாள், கேட்பதற்கு முன்பே. கன்னிகா மேஜையிலிருந்து துடைக்கிற துணி ஒன்றை எடுத்து, அவள் கன்னத்தில் மெதுவாக ஒற்றினாள். எண்ணெய் துணிக்கு வந்தது. அதற்குக் கீழே கன்னம் சிவந்து, வெடித்து, செதில் செதிலாக நின்றது. ஹரிதாவின் கண் அப்படியே நிறைந்துவிட்டது. 

உள்ளே விட்டால் உதிரும். எண்ணெயும் முகமூடியும் சேர்ந்து அந்தக் கன்னத்தை இன்னும் பாழாக்கும். ரிட்டர்ன் எழுதினால் மூன்றாவது, பெண் சித்தூருக்கு மாம்பழம் உரிக்கப் போக வேண்டியதுதான். எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அதுவும் மனசில் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் பொய். 

"ஓரமா நில்லும்மா. எங்கியும் போவாத" என்று சொல்லிவிட்டு, ஷிப்ட் பொறுப்பாளர் சுரேஷ்பாபுவுக்கு போன் போட்டாள்.

சுரேஷ்பாபு நெல்லூர் பக்கத்துக்காரர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். வந்து ஹரிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏமண்டி இதி? மூணாவது ரிட்டர்னா? எழுதி அனுப்புங்க கன்னிகா காரு, லைன் நிக்குது" என்றார்.

"சார், இது அந்தப் பொண்ணு தப்பு இல்ல. நா சொன்ன மருந்துதான் உரிச்சிருக்குது. மொத ரெண்டு ரிட்டர்னும் அதனாலதான்."

"நீங்க மருந்து சொன்னீங்களா? நீங்க டாக்டரா?"

"இல்ல சார்."

"எத்தன பேருக்குச் சொன்னீங்க?"

 அவ்வளவு பெருமையாக எண்ணி வைத்திருந்த எண், சொல்ல வரவில்லை. "நாப்பத்தி மூணு சார்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

சுரேஷ்பாபு நோட்டை வாங்கிப் புரட்டினார். பக்கம் பக்கமாக முகம், முகம், முகம். "இந்தக் கட்டம் எதுக்கு இருக்குன்னு நெனச்சீங்க? பவுடர் போட்டுட்டு வந்தா அது அலட்சியம், கணக்குல வரும். உடம்புக்கு முடியாம வந்தா அது கணக்கு இல்ல. நர்ஸ் சீட்டு வச்சா வேற செக்ஷன் குடுக்கலாம். நீங்க காரணம் எழுதாததால எல்லாம் அலட்சியம்னு போயிருக்கு."

அது விதிப் புத்தகத்தில் இருப்பது கன்னிகாவுக்குத் தெரியாமலில்லை. எப்போதோ படித்தது. ஆனால் ஒருத்தி திரும்பிப் போனால் அவள் மேல்தான் தப்பு என்ற நினைப்பு இவளுக்குப் பழகிப் போயிருந்தது. பேனாவை எடுத்தாள். பழைய இரண்டு ரிட்டர்னுக்கு எதிரே 'முகம்' என்பதை அடித்தாள். அன்றைய ரிட்டர்னையும் பதிந்து, மூன்றிலும் 'பரு மருந்தால் தோல் உரிந்தது. மருந்தைச் சொன்னது கன்னிகா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 

ஹரிதாவின் பெயர் தப்பியது. நர்ஸின் சீட்டோடு அவளை மூன்று வாரம் பேக்கிங்கில் போட்டார்கள். கன்னிகாவுக்கு மெமோ வந்தது. "கதவுல நிக்கறவங்க மருந்து சொல்லக் கூடாது. சொன்னவங்க கதவுல நிக்கக் கூடாது" என்று சுரேஷ்பாபு ஒரே போடாகப் போட்டுவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கும் பேக்கிங்தான்.

அன்று சாயங்காலம் கன்னிகா ஹரிதாவை வரதய்யபாளையத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்குக் கூட்டிப்போனாள். கடையில் இருந்தவள் பிரீத்தி, பார்மசி படித்தவள், ஹரிதாவைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கேள்வி கேட்டது ஹரிதாவை. பதில் சொன்னது கன்னிகா.

"அக்கா, நா அவங்கள கேக்கறேன்" என்றாள் பிரீத்தி. கன்னிகா வாயை மூடிக்கொண்டாள்.

"மூஞ்சி கழுவிட்டு, ஒண்ணும் போடாம ஒரு மணி நேரம் வுட்டா எப்படி இருக்கும்?"

"இழுத்துக்கினு இருக்கும்க்கா. மார்கழில சிரிச்சாகூட வலிக்கும். சின்ன வயசுலருந்தே அப்டித்தான்."

கன்னிகா திரும்பிப் பார்த்தாள். எண்பது நாள், தினம் ஆறு நொடி அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். இது அவளுக்குத் தெரியாது.

"உங்களுது காஞ்ச தோலு" என்றாள் பிரீத்தி. "இதே ஒரு மணி நேரத்துல நெத்தி மூக்கெல்லாம் எண்ணெ மின்னுச்சின்னா அது எண்ணெத் தோலு. அவங்க இந்த அஞ்ச தாங்குவாங்க. கரும்புள்ளி, வெள்ளப்புள்ளி நெறய இருந்தா சாலிசிலிக் ஆசிட்னு ஒண்ணு கீது, அதுவும் அவங்களுக்கு ஒத்துப்போவும். காஞ்ச தோலுல இந்த ரெண்டுல எத அப்டியே அப்பினாலும் வெடிக்கத்தான் செய்யும்."

"அப்ப எனக்கு மருந்தே இல்லியாக்கா?"

"கீது. ஆனா இப்ப இல்ல." பிரீத்தி பருவுக்கான எதையும் எடுக்கவில்லை. நுரை அதிகம் வராத ஒரு முகக் கழுவியையும், வாசனை இல்லாத, தோலின் துளைகளை அடைக்காது என்று அட்டையிலேயே எழுதியிருந்த ஒரு ஈரப்பதக் கிரீமையும் எடுத்து வைத்தாள். "ரெண்டு வாரம் இது ரெண்டும்தான். தேங்கா எண்ணெ மூஞ்சிப் பக்கமே போவக் கூடாது. செவப்பு எறங்கலன்னா இங்க வராதீங்க, நேரா திருப்பதில தோல் டாக்டர்கிட்ட போயிடுங்க. எறங்கி, தோலு சேந்த அப்புறம் ரெண்டரை சதவீதம் ஆரம்பிக்கலாம்."

ரெண்டரை என்ற சொல் காதில் விழுந்ததும் கன்னிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொதல்ல தாடை ஓரத்துல கொஞ்சூண்டு மூணு நாள் போட்டுப் பாருங்க. ஒத்துக்கிச்சின்னா பட்டாணி அளவு, ஒரு நாள் வுட்டு ஒரு நாள். பத்து நிமிஷம் வச்சிட்டு கழுவிட்டு கிரீம் போடுங்க. எட்டு வாரம் ஆவும். பத்து நாள்ல வெளுக்குதுன்னு யாராவது எதனா குடுத்தா வாங்காதீங்க. கட்டி கட்டியா வலியோட வந்தா, தழும்பு வுழுந்தா, அப்பவும் டாக்டர்தான்."

கன்னிகாவுக்கு அடக்க முடியவில்லை. "நா வாங்கின கடைல இதெல்லாம் ஒருத்தர் கேக்கலியே?"

"உங்களுக்குச் சரியாப் போச்சி. அதனால நீங்களும் யாரையும் கேக்கல" என்றாள் பிரீத்தி. குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை. பில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

வெளியே வந்ததும் கன்னிகா, "மன்னிச்சிடும்மா" என்றாள்.  தன்னைவிடப் பெரியவர்கள் யாரும் ஹரிதாவிடம் அப்படிச் சொன்னதில்லை. "வுடுங்கக்கா, வேல போவலியே" என்றாள். வேலை போகவில்லை என்ற நிம்மதியில் அவள் கன்னிகாவை அன்றே மன்னித்துவிட்டாள். கன்னிகாவால் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை.

பேக்கிங்கில் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டே அவள் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தாள். வேலையை விட்டுப் போன பன்னிரண்டு பேரில் நம்பர் இருந்தவர்களுக்கு போன் போட்டாள். கம்பெனியில் இருக்கிற முப்பத்தொரு பேரை, சாப்பாட்டு ஹாலில் தட்டைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போய்க் கேட்டாள். "அந்த மருந்து உனக்கு எரிஞ்சிதா?" கேட்க நாக்கு கூசியது, கேட்டாள். சிலர் தங்களுக்கு அது அமுதம் என்றார்கள். சிலர் இரண்டே நாளில் தூக்கிப் போட்டதாகச் சொல்லிச் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் முகம் உரிந்து நின்ற கதையை ஒருத்தி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. கன்னிகா ஒவ்வொருவரிடமும் அவர்கள் தோல் எப்படி என்று கேட்டாள், வரதய்யபாளையத்துக் கடையைச் சொன்னாள், தான் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

வாரக் கடைசியில் பாக்கி இருந்தது ஒருத்திதான். திருப்பதிப் பெண் சுஷ்மிதா. நான்கு வருஷமாக அந்த ஷிப்டில் இருப்பவள். கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்கு லீவு போட்டுப் போயிருந்தவள் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். காலையில் கதவில் வேறு ஆள் நின்றதைப் பார்த்து, லைட்டக்கா லீவு என்று நினைத்துக்கொண்டாள்.

கன்னிகா எதிரே போய் உட்கார்ந்ததும் சுஷ்மிதா கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உனக்கு ஒரு மருந்து சொன்னேனே, ரெண்டு வருஷம் இருக்கும். இன்னும் போடறியா?"

"போடறேன்க்கா. தெனம் போடறேன்."

"எப்டி கீது?"

"நல்லா கீதுக்கா. சூப்பரா கீது."

வாயோரம் தோல் வெடித்திருந்தது. பேசும்போது அது இன்னும் கொஞ்சம் பிளந்தது. கன்னிகா அதைப் பார்த்தாள். கையில் விளக்கு இல்லாமலே தெரிந்தது.

"நா இப்ப கதவுல இல்லம்மா. பேக்கிங்ல போட்டுட்டாங்க. இனிமே நா யாரையும் ரிட்டர்ன் பண்ண முடியாது."

சுஷ்மிதா அவளையே பார்த்தாள். பக்கத்து மேஜையில் இருந்தவர்களைப் பார்த்தாள். நிஜமா என்பது போல ஒருத்தியைப் புருவத்தால் கேட்டாள். அவள் ஆமென்று தலையாட்டினாள்.

"அப்ப சொல்றேன்" என்றாள் சுஷ்மிதா. "எரியுதுக்கா."